பத்து நாள் நாடுகடத்தல்

கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸில், ரயில் போனால் ஜன்னல் கண்ணாடி கிடுகிடுவென்று நடுங்கும் தூரத்தில் ஒரு பதினேழு மாடி ஃபிளாட் இருக்கிறது. அதன் ஏழாவது மாடியில் வாணி இருந்தாள். வயது பதினொன்று. கிரேக்கரும் ரோமானியரும் போய்ச் சேர்ந்து ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகிவிட்டன என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தால் அது தப்பு. போன தீபாவளி சமயத்தில் அவர்கள் அத்தனை பேரும் வாணி வீட்டில்தான் குடியிருந்தார்கள்.

எல்லாம் பள்ளி நூலகத்திலிருந்து அவள் எடுத்து வந்த ஒரு புத்தகத்தால் வந்தது. என்ன கனம் என்கிறீர்கள்? அதைப் பையில் வைத்துக்கொண்டு லிஃப்டில் ஏறினால், ஆள் அதிகம் என்று மணி அடிக்கும்.

முதல் வாரம் ரோமானியர் வாரம். வாணி தன் ஏழு வயதுத் தம்பி குருவுக்குப் படுக்கை விரிப்பைச் சுற்றிவிட்டு, நீதான் ரோமாபுரியின் மந்திரி என்றாள். மந்திரி விரிப்பை மிதித்து ஒரு நாளைக்குப் பதினோரு தடவை விழுந்தார். மலையிலிருந்து ஊருக்குக் கல்வாய்க்கால் கட்டித் தண்ணீர் கொண்டுவந்தவர்கள் ரோமானியர்கள் என்று படித்ததும் அவளுக்குக் கை பரபரத்தது. குழாயில் தண்ணீர் வராத ஒரு நாளில், வீட்டில் பிடித்து வைத்திருந்த தண்ணீரை ஆறாவது மாடி ஆன்டிக்கு ரப்பர் குழாய் வழியாக இறக்கினாள். அது ஆறாவது மாடியில் நிற்காமல் நேராகக் கீழே போய், வாசலில் காவலுக்கு உட்கார்ந்திருந்த ஜாகா தம்புசாமி அண்ணன் தலையில் இறங்கியது. அவர் மழை என்று நினைத்துக் குடையை விரித்தார். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

இதுவரைக்கும் யாருக்கும் நஷ்டமில்லை. இரண்டாவது வாரம் கிரேக்கர்கள் வந்தார்கள். அதில்தான் வந்தது வம்பு.

கட்டடத்துப் பிள்ளைகள் ஒன்பது பேர். தினமும் மாலை ஐந்தரைக்குக் கார் நிறுத்தும் இடத்தின் ஓரத்தில் பூப்பந்து ஆடுவார்கள். இரண்டு தூணுக்கு நடுவே துணி காயப்போடும் கயிறு, அதுதான் வலை. தரையில் வெள்ளைச் சாக்குக் கட்டியால் கிழித்த கோடு. நடுவர், நான்காவது மாடி ஷபானா.

ஷபானாவும் வாணியும் ஒரே வயது, வேறு வேறு பள்ளி, ஆனால் இணைபிரியாத கூட்டாளிகள். ஷபானாவின் அத்தா முகமது யூசுப் ஒரு சாப்பாட்டுக் கடையில் ரொட்டி வீசுகிறவர். அவர் வீசும் ரொட்டி மேலே போய்த் திரும்பி வருவதற்குள் ஒரு கோப்பை தே தாரிக் டீ குடித்து முடித்துவிடலாம் என்று பேர். மகளோ அதற்கு நேர்மாறு. எதையும் மேலே பறக்கவிட மாட்டாள். கோட்டுக்கு வெளியே பந்து ஓர் எறும்பு அளவு விழுந்தாலும் அவளுக்கு அது வெளியேதான். “அவுட்டுன்னா அவுட்” என்பாள். தானே ஆடும்போதும், யாரும் பார்க்காத பந்தைத் தானே அவுட் என்று சொல்லி, சுவரில் சாக்குக் கட்டியால் எதிராளிக்கு ஒரு புள்ளி எழுதிவிடுவாள். இடது கைக்காரி என்பதால் அவள் எழுத்து எப்போதும் காற்றில் சாய்ந்த மரம் மாதிரி இருக்கும்.

ஒரு சனிக்கிழமை வாணிக்கும் பன்னிரண்டு வயது ரிஷிக்கும் ஆட்டம். இருபதுக்குப் பத்தொன்பது, வாணி முன்னால் இருந்தாள். வாணி அடித்த அடி சென்ட்ரல் ஸ்டேஷன் வரை கேட்டிருக்கும். ஆனால் மட்டை கயிற்றில் பட்டுவிட்டது என்றாள் ஷபானா. புள்ளி ரிஷிக்குப் போனது. அடுத்த இரண்டு பந்திலும் ரிஷி அடித்தது கோட்டைத் தாண்டிவிட்டது என்றாள். ஆட்டம் வாணிக்குப் போனது. ஜெயித்தவளுக்கும் கோபம், தோற்றவனுக்கும் கோபம். ஒரே ஆட்டத்தில் இரண்டு பக்கத்தையும் பகைத்துக்கொள்ள ஷபானாவால்தான் முடியும்.

அன்று வாணி புத்தகத்தைத் திறந்தபோது, ஏதென்ஸ் நகரத்தின் சட்டம் ஒன்று அவளுக்காகவே காத்திருந்தது. ஊரில் ஒருவர் மிகவும் பெரிய ஆளாகிவிட்டார் என்று தோன்றினால், மக்கள் எல்லாரும் உடைந்த பானைச் சில்லில் ஒரு பெயரைக் கீறிப் போடுவார்கள். ஆறாயிரம் சில்லுக்கு மேல் சேர்ந்தால், அதிகம் பேர் எழுதிய ஆள் பத்து ஆண்டு ஊரை விட்டுப் போய்விட வேண்டும். என்ன குற்றம் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. வீடும் சொத்தும் அவருக்கே. பத்து ஆண்டு கழித்துத் திரும்பி வரலாம்.

ஞாயிற்றுக்கிழமை மாலை அவள் இதைச் சொன்னபோது எல்லாருக்கும் உற்சாகம் தாங்கவில்லை. பத்து ஆண்டைப் பத்து நாளாக்கினார்கள். ஆறாயிரம் சில்லுக்குப் பதிலாக, பாதிப் பேருக்கு மேல் ஒரே பெயரை எழுதினால் போதும் என்றார்கள். தீபாவளிக்கு வைத்து உடைந்துபோன அகல் விளக்குகளை வாணி ஒரு ஐஸ்கிரீம் டப்பாவில் கொண்டு வந்திருந்தாள். ஆளுக்கு ஒரு சில்லு. பேனா ஒன்றே ஒன்று.

குருவும் வேறு மூன்று குட்டிகளும் அந்தத் துண்டு மண்ணில் எழுதத் தெரியாமல் திணறினார்கள். தான் எழுதித் தருவதாக வாணி சொன்னாள். யார் பெயர் என்று கேட்டாள். நான்கு பேரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். அவள் முகத்தில் என்ன இருந்ததோ, அதையே எழுதச் சொல்லித் தலையாட்டினார்கள்.

தூணுக்குப் பின்னால் போய் ஷபானாவும் எழுதினாள். சீக்கிரமாகவே எழுதிவிட்டாள்.

எண்ணிப் பார்த்தபோது லிஃப்டுக்கு ஒரு சில்லு விழுந்திருந்தது, ரிஷிக்கு ஒன்று. மீதி ஏழும் ஷபானாவுக்கு.

ஷபானா சண்டை போடுவாள் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவள் போடவில்லை. “பேசவும் கூடாதா?” என்று மட்டும் கேட்டாள். பேசவும் கூடாது என்றாள் வாணி. புத்தகத்தில் அப்படி ஒன்றும் இல்லை. அது வாணியின் சொந்தச் சரக்கு.

ஷபானா மட்டையை உறையில் போட்டுக்கொண்டு லிஃப்டுக்குப் போனாள். யாரோ கைதட்டினார்கள். வாணியும் தட்டினாள்.

நடுவர் இல்லாத ஆட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். திங்கட்கிழமை தொடங்கிய ஓர் ஆட்டம் செவ்வாய்க்கிழமைதான் முடிந்தது. இருபத்தோரு புள்ளி ஆட்டத்தில் ஒருவன் தனக்கு அறுபத்து மூன்று என்றான். சாக்குக் கோடு ஆளுக்கு ஒரு பக்கமாக நகர்ந்து, கடைசியில் ஒரு மோட்டார் சைக்கிளையும் ஆட்டத்துக்குள் சேர்த்துக்கொண்டது. நான்காவது மாடி நடைபாதையில் ஒரு தலை எட்டிப் பார்ப்பது வாணிக்குத் தெரிந்தது. அவள் அண்ணாந்து பார்க்கவில்லை.

புதன்கிழமை லிஃப்டில் அவர்கள் இருவர் மட்டும். ஷபானா கையில் மடித்த அட்டைப்பெட்டிகளும் ஒட்டுநாடாவும். கதவு மூடியதும் அவள் வாணி பக்கம் திரும்பி வாயைத் திறந்தாள். வாணி கதவுக்கு மேலே எரியும் எண்களைப் பார்த்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. உலகத்திலேயே மெதுவான லிஃப்ட் அது. ஆனாலும் நான்காவது மாடி வந்துவிட்டது. ஷபானா வாயை மூடிக்கொண்டு இறங்கிப் போனாள்.

வியாழக்கிழமை மாலை நூர்ஜஹான் ஆன்டி வாணி வீட்டுக் கதவைத் தட்டினார். அவர் ஷபானாவின் அம்மா. தட்டுகளைச் சுற்றி வைக்கப் பழைய பேப்பர் வேண்டும் என்றார். சனிக்கிழமை காலை லோரி வருகிறது, கிள்ளானுக்குக் குடிபோகிறோம், ஷபானாவுடைய அத்தாவுக்கு அங்கே வேலை மாறிவிட்டது என்று வாணியின் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

கேட்டுக்கொண்டிருந்த வாணி வாசலுக்கு ஓடி வந்தாள்.

“ஆன்டி, ஷபானாவுக்குத் தெரியுமா?”

“என்னம்மா இப்படிக் கேக்கறே? ரெண்டு வாரமா தெரியுமே. உன்கிட்ட ஞாயித்துக்கிழமை சொல்லப் போறேன்னு சொல்லிட்டுத்தானே கீழ போனா.”

வாணி தன் அறைக்குப் போய் ஐஸ்கிரீம் டப்பாவைக் கட்டிலில் கவிழ்த்தாள். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அதை அவள் திறக்கவே இல்லை. ஏழு சில்லையும் வரிசையாக வைத்தாள். ஐந்தில் ஒரே அழகான குண்டெழுத்து. அது அவளுடையது. அவளுக்காக ஒன்று, குருவுக்கும் குட்டிகளுக்குமாக நான்கு. ஆறாவதில், சில்லில் இடம் போதாமல் பாதிப் பெயர் முன்னாலும் பாதி பின்னாலுமாக இருந்தது. அப்படி யானை எழுத்து எழுதுகிறவன் ரிஷி ஒருவன்தான்.

ஏழாவது சில்லில் இருந்த எழுத்து, காற்றில் சாய்ந்த மரம் மாதிரி சாய்ந்திருந்தது.

வாணி அதைக் கையில் எடுத்தாள். கீழே வைத்தாள். மறுபடி எடுத்தாள். பிறகு எல்லாவற்றையும் டப்பாவில் அள்ளிப்போட்டுக்கொண்டு, லிஃப்டுக்குக் காத்திருக்காமல் ஏழு மாடியும் படியில் இறங்கி ஓடினாள்.

கீழே வழக்கமான சண்டை நடந்துகொண்டிருந்தது. ஷபானா சனிக்கிழமை போகிறாள், அவளைத் திரும்பக் கூப்பிட வேண்டும் என்று வாணி மூச்சு வாங்கச் சொன்னாள். ரிஷிதான் முதலில் பேசினான்.

“பத்து நாள்னு நீதானே சொன்னே. உன் சட்டம்லா அது.”

“அது சரியில்லாத வாக்கு,” என்றாள் வாணி. சில்லுகளைத் தரையில் பரப்பினாள். “இங்க பாருங்க. அஞ்சும் என் கையெழுத்து. குட்டிங்களை நான் சரியாக் கேக்கவே இல்ல.”

பிறகு குருவின் முன்னால் உட்கார்ந்து, அன்றைக்கு உண்மையில் யார் பெயரை எழுத நினைத்தாய் என்று கேட்டாள். அக்கா மறுபடி ஏதோ பரீட்சை வைக்கிறாள் என்று நினைத்து அவன் நெடுநேரம் யோசித்தான்.

“எட்டாவது மாடி நாயை,” என்றான்.

இரண்டாவது குட்டி பல் டாக்டர் என்றது. மூன்றாவது குட்டிக்கு எதற்காக எழுதினோம் என்பதே தெரியவில்லை. பரிசு கொடுப்பதற்கு என்று நினைத்திருந்தது. நான்காவது குட்டி, “உன் மூஞ்சியைப் பாத்து பயமா இருந்துச்சுக்கா,” என்றது.

வாணிக்கு முகம் எரிந்தது. தம்புசாமி அண்ணன் தலையில் ஒரு குழாய்த் தண்ணீரையும் விட்டபோதுகூட அவளுக்கு இப்படி இருந்ததில்லை.

ரிஷி குனிந்து தன் சில்லைத் தேடி எடுத்தான். “நான் எழுதினது நான் எழுதினதுதான்,” என்று அதை டப்பாவில் போட்டான். ஆனால் எல்லாரும் நான்காவது மாடிக்குப் புறப்பட்டபோது அவனும் பின்னாலேயே வந்தான்.

கதவைத் திறந்த ஷபானாவின் விரல்களில் ஒட்டுநாடாத் துண்டுகள் ஒட்டியிருந்தன. அவளுக்குப் பின்னால் பெட்டிகள் கூரை வரை அடுக்கியிருந்தன. எட்டுப் பேரையும் பார்த்துவிட்டு அவள் ஒன்றும் பேசவில்லை. பேசக் கூடாது என்பதுதானே சட்டம்.

தண்டனை முடிந்துவிட்டது, திரும்பி வா என்றாள் வாணி. ஷபானா சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டியைக் காட்டினாள். பிறகுதான் வாயைத் திறந்தாள்.

“இன்னும் ஆறு நாள் இருக்கு.”

“ஏதென்ஸ்லகூட பாரசீகப் படை வந்தப்போ, வெளிய அனுப்பினவங்களை எல்லாம் பாதியிலயே திரும்பக் கூப்பிட்டாங்க.”

“இங்க எந்தப் படை வருது?” என்றாள் ஷபானா. “நாளன்னைக்கு லோரிதான் வருது.”

யாராவது சிரித்திருக்கலாம். யாரும் சிரிக்கவில்லை. மன்னித்துவிடு என்று கெஞ்சினால் இவள் கேட்க மாட்டாள். கெஞ்சினால் கோட்டை நகர்த்துகிற ஆள் இல்லை இவள். அது வாணிக்கு நன்றாகவே தெரியும். கட்டடத்தில் வேறு யாரைவிடவும் நன்றாகத் தெரியும்.

அவள் டப்பாவை நீட்டினாள்.

“நான் கெஞ்ச வரல. நீ நடுவர். இதைப் பாத்து, செல்லுமா செல்லாதான்னு சொல்லு.”

ஷபானா டப்பாவையே பார்த்தாள். பிறகு வாசற்படியில் உட்கார்ந்து சில்லுகளை ஒவ்வொன்றாக எடுத்து, கோட்டைப் பார்ப்பது போலவே கண்ணைச் சுருக்கி, நடைபாதை விளக்கில் பிடித்துப் பார்த்தாள். குட்டிகளிடம் ஏதோ கேட்டாள். நாய், பல் டாக்டர் எல்லாம் வெளியே வந்தது. குண்டெழுத்துச் சில்லு ஐந்தில் நான்கைத் தனியே வைத்தாள்.

“இந்த நாலும் செல்லாது. அஞ்சாவது வாணியோடது. அது செல்லும். அவ கோவத்துலதான் எழுதினா. ஆனா அவளே எழுதினா.”

வாணி தலையாட்டினாள்.

ரிஷியின் சில்லைப் புரட்டிப் பார்த்தாள். “இதுவும் செல்லும்.” ரிஷி தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

கடைசிச் சில்லை அவள் கையில் எடுக்கவே இல்லை.

“இது உன் எழுத்துதானே?” என்று கேட்டாள் வாணி. “உன் பேரையே ஏன் எழுதிக்கிட்டே?”

ஷபானா விரலில் இருந்த ஒட்டுநாடாவைப் பிய்த்து உருட்டினாள்.

“நான் எப்படியும் போகப் போறேன். வேற யார் பேரை எழுதினாலும் அவங்க பத்து நாள் வெளிய நிக்கணும். எதுக்கு?”

வாணி அந்தச் சில்லை எடுத்து, செல்லும் என்று வைத்த இரண்டுக்கும் பக்கத்தில் தானே வைத்தாள்.

“செல்லுபடியாகறது எனக்கு மூணு, லிஃப்டுக்கு ஒண்ணு, ரிஷிக்கு ஒண்ணு,” என்று ஷபானா கணக்கை முடித்தாள். “ஆளு ஒம்போது. மூணு அதுல பாதிகூட இல்ல. இந்த ஆட்டம் செல்லாது.”

அப்போது உள்ளேயிருந்து, தொழுகைக்கு நேரமாகிறது என்று அவள் அம்மா கூப்பிட்டார். ஷபானா எழுந்தாள். “நாளைக்கு அஞ்சரைக்கு வரேன்,” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

வெள்ளிக்கிழமை ஐந்தரைக்கு ஒன்பது பேரும் கீழே இருந்தார்கள். பழைய கோடுகளையெல்லாம் ஷபானா அழித்துவிட்டுப் புதிதாக நேராகப் போட்டாள். மோட்டார் சைக்கிள் ஆட்டத்தை விட்டு வெளியேறியது. மொத்தம் நாற்பது நிமிடம் ஆடியிருப்பார்கள். பிறகு மழை பிடித்துக்கொண்டது. சும்மா மழையா? மேலே ரோமானியர்கள் கட்டிவைத்த அத்தனை வாய்க்காலும் ஒரே நேரத்தில் உடைந்த மாதிரி மழை.

குட்டிகள் ஒவ்வொருவராக வீட்டுக்கு ஓடினார்கள். தூண் ஓரத்தில் வாணியும் ஷபானாவும் மட்டும் நின்றார்கள். புதுக்கோடு கரைந்து, வெள்ளைத் தண்ணீராக வடிகாலுக்குப் போய்க்கொண்டிருந்தது.

“திங்கள், செவ்வாய், புதன், வியாழன்,” என்றாள் வாணி. “நாலு சாயங்காலம் போச்சு. என்னாலதான்.”

“ஆமா,” என்றாள் ஷபானா.

வாணி காத்திருந்தாள். வேறு யாராக இருந்தாலும் பரவாயில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பார்கள். ஷபானா சொல்லவில்லை. அவளுக்கு அது பரவாயில்லை என்று ஆகிவிடவில்லை. இல்லாததைச் சொல்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

“லிஃப்ட்ல உன்கிட்ட சொல்ல வந்தேன்,” என்றாள்.

“தெரியும். நான் நம்பரைப் பாத்துட்டு இருந்தேன்.”

மழை விடுகிற வரைக்கும் அவர்கள் அங்கேயே நின்றார்கள். ஒருவரும் முதலில் வீட்டுக்குப் போகவில்லை.

சனிக்கிழமை ஒன்பது மணிக்கு லோரி வந்தது. பெட்டிகள் ஏறின. ரிஷி, யாரும் கேட்காமலே, ஒரு மெத்தையைத் தனியாகத் தூக்கிக்கொண்டு வந்து அதற்கடியில் மாட்டிக்கொண்டான். ஷபானா முன்னால் அத்தாவுக்கும் ஓட்டுநருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்ததால், லோரி திரும்பும்போது அவள் கை மட்டும்தான் தெரிந்தது.

வாணி புத்தகத்தை நூலகத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அம்மா ஆச்சரியப்பட்டார். கிரேக்கர்கள் எங்கே போனார்கள் என்று கேட்டார். ஊருக்குப் போய்விட்டார்கள் என்றாள் வாணி. மாலை ஐந்தரைக்கு அவள் கீழே போனாள், ஆடினாள். சுவரில் புள்ளி எழுதும் வேலை இப்போது அவளுக்கு. ஒவ்வொரு தடவையும் சாக்குக் கட்டியை எடுக்கும்போது அந்த நான்கு நாளும் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தன.

மூன்று ஞாயிற்றுக்கிழமை அவள் கெஞ்சிய கெஞ்சலில் அப்பா பரமேஸ்வரன் கரைந்துபோனார். அவளையும் குருவையும் கூட்டிக்கொண்டு கிள்ளானுக்குக் கொமுட்டர் ரயில் ஏறினார். ரயில் போகும் வேகத்தைப் பார்த்தால் ரோமாபுரிக்கே போய்விட்டு வந்திருக்கலாம் என்று வாணிக்குத் தோன்றியது. பெட்டாலிங் ஜெயா வந்தது. அதற்கப்புறம் நிலையங்கள் வந்துகொண்டே இருந்தன. பார்த்தால் ஷபானா என்ன சொல்வாள், ஒருவேளை பேசாமலே இருந்துவிடுவாளோ என்று வழியெல்லாம் அவள் யோசித்துக்கொண்டே வந்தாள்.

ஷபானாவின் புது வீட்டுக்குக் கீழேயும் பிள்ளைகள் பூப்பந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒரு கல்மேல் ஏறி நின்றுகொண்டு, கையில் சாக்குக் கட்டியோடு நடுவராக ஷபானா. வாணியைப் பார்த்ததும் அவள் கண் விரிந்தது. ஆனால் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. நடுவர் இடத்தை விட்டு நகரக் கூடாது. ஓர் ஆள் குறைகிறது என்று, வந்த காலோடு வாணியைக் களத்தில் இறக்கிவிட்டார்கள்.

வாணி அடித்த முதல் அடியே பிரமாதம். பந்து பறந்து போய், எதிர்ப்பக்கத்துக் கோட்டோரமாக விழுந்தது.

“அவுட்,” என்றாள் ஷபானா.

கிள்ளான் பையன் ஒருவனுக்கே பாவமாகிவிட்டது. “ஏய், உன் கூட்டாளிலா. கே.எல்-லேருந்து வந்திருக்கா. ஒரு புள்ளி குடுத்தா என்ன?” என்றான்.

“அவுட்டுன்னா அவுட்.”

வாணி பந்தை எடுக்க ஓடினாள். குனிந்து எடுக்கும்போது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவ்வளவு தூரம் ரயிலேறி வந்தது அதைக் கேட்கத்தான்.